எம்டி 90 இலிருந்து 1300 சீசீக்கு

(சனிக்கிழமைக் காலை ஒலிபரப்பில் இடம்பெற்ற நேயர் உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் இதே நேரத்தில் ஒரு சகோதரி வீட்டு வளவில் முருங்கை வளர்ப்பது பற்றிப் பேசியிருந்தா. அடுத்த முறை நீங்கள்தான் என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எனக்குத் தெரிஞ்சது இரண்டே இரண்டு விஷயம். ஒண்டு லேத் மெசின், மற்றது மோட்டச் சைக்கிள்" என்றேன். "லேத் மெசின் வேண்டாம் அண்ணை" என்று உடனேயே சொல்லிவிட்டார். ஆகவே இன்று மோட்டார் சைக்கிள்.

சிட்னியில் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு வருகிறவர்கள் சிலர் என்னைக் கண்டிருப்பீர்கள். பெரிய நீல நிற மோட்டார் சைக்கிளைக் கார்த் தரிப்பிடத்தின் ஒரு மூலையில் விட்டுவிட்டு, ஹெல்மெற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிற ஆள் நான்தான். "இந்த வயசில உமக்கு இது தேவையோ?" என்று என்னை நேரே கேட்டவர்களும் உண்டு, என் மனைவியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சு.

ஊரிலிருந்து தொடங்குகிறேன்.

1990 முதல் 1995 வரை குடாநாட்டில் இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. வானொலி கேட்பதற்கே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் கரண்ட் எடுத்த காலம். எங்கள் வீட்டில் ஒரு ஹொண்டா எம்டி 90 இருந்தது. யப்பானில் தபால்காரருக்கென்று செய்த வண்டி அது. அங்கே ஓடி முடித்தபிறகுதான் எங்கள் நாட்டுக்கு வந்து இன்னொரு பிறவி எடுத்தது. 89 சீசீ. கையில் பிடிக்கிற கிளச் கிடையாது. இடது காலால் கியரைத் தட்டினால் போதும், இடது கை சும்மா இருக்கும். அந்தக் கையில் நான் குடை பிடித்திருக்கிறேன், மண்ணெண்ணெய்க் கான் பிடித்திருக்கிறேன், ஒருமுறை உயிரோடு ஒரு சேவலும் பிடித்திருக்கிறேன்.

ஓடியதும் மண்ணெண்ணெயில்தான். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. அதனால் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோலைத் தங்கம்போலப் பாதுகாத்து வைத்திருந்து, சில சொட்டுகளைக் காபுறேற்றருக்குள் விட்டு உதைப்போம். சூடேறியதும் மண்ணெண்ணெய். பின்னால் வருகிறவர் இருமிக்கொண்டே வருவார்.

எவ்வளவு தூரம் ஓடினேன் என்றால் சிரிப்பீர்கள். கொக்குவிலிலிருந்து பருத்தித்துறை, கொக்குவிலிலிருந்து சாவகச்சேரி. ஆனையிறவுப் பாதை மூடியிருந்தது. கிளாலியில் இரவில் வள்ளம் ஏறவேண்டும். 25 வயதுக்காரனுக்கு உலகம் ஓர் இருபது மைல்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு அந்த வண்டியோடு போன பயணத்தில் நான் எஞ்சினைப் போடவேயில்லை. போட்டாலும் ஓட்ட இடமில்லை. மழை. செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி வலிகாமமே நடந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. அவவைச் சீற்றில் இருத்தி, பின்னால் கரியரில் இரண்டு பைகளைக் கட்டி, நான் ஹாண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஓரடி வைப்பது, நிற்பது. பிறகு இன்னும் ஓரடி. சாவகச்சேரிக்கு வந்து சேர அடுத்த நாள் மத்தியானம் தாண்டிவிட்டது. சில மாதங்களில் அந்த வண்டியை அங்கேயே அரை மூட்டை அரிசிக்கும் கொஞ்சக் காசுக்கும் கொடுத்துவிட்டேன். 1997இல் கப்பலில் திருகோணமலை, அங்கிருந்து கொழும்பு, 1998இல் சிட்னி.

இங்கே வந்து 15 வருடம் நான் மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. வசதியில்லை, நேரமில்லை என்று வெளியில் சொல்வேன். உண்மையான காரணம் என் மனைவியின் அண்ணை. 1996இல் சனம் வலிகாமத்துக்குத் திரும்பி வந்த பிறகு, ஒருநாள் காலையில் வேலைக்கென்று மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டவர். ஆளும் வரவில்லை, வண்டியும் வரவில்லை. அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் அப்படிக் காணாமற்போனவர்கள் நூற்றுக்கணக்கில். மாமி மாதக்கணக்காக ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் படலையடிக்கு ஓடினதைப் பக்கத்தில் நின்று பார்த்தவ என் மனைவி. எங்கள் வீட்டில் அந்த வாகனத்தின் பேரை யாரும் எடுப்பதில்லை.

பிறகு எப்படி என்று கேட்பீர்கள். அவுஸ்திரேலியத் தபால்காரர்தான் காரணம்! இங்கே தபால் திணைக்களம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தியது ஹொண்டா சீ.ரீ. 110 என்கிற சிவப்பு வண்டி, 105 சீசீ. எம்டி 90க்கு நெருங்கிய சொந்தம். இதற்கும் கிளச் கை கிடையாது. சத்தமும் அதே சத்தம். தூங்காபியில் எங்கள் ஒழுங்கைக்குள் அது வருகிற நேரம் நான் வீட்டிலிருந்தால் என் கால் தானாகவே வாசலுக்குப் போய்விடும். 2013இல் ஒருநாள் மனைவி சொன்னா: "கடிதம் எடுக்கப் போற ஆள் மாதிரித் தெரியேல்லை. உங்களுக்கு அது வேணுமெண்டால் வாங்குங்கோ. ஆனால் எனக்குச் சில கதை இருக்கு."

அந்தச் சில கதை என்னவென்றால், பிள்ளைகளை ஏற்றக்கூடாது, பொழுதுபட்ட பிறகு ஓடக்கூடாது, நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் போன் எடுக்கவேண்டும். போன் வந்தால் அந்த நேரத்தைக் குசினியில் தொங்குகிற கோயில் கலண்டரில் குறிப்பா. இன்றுவரை அப்படித்தான்.

முதல் வேலை லைசென்ஸ். ஊரில் ஓடின ஆள்தானே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பயிற்சிக்குப் போனேன். இங்கே எல் தட்டு எடுப்பதற்கு முன்பே இரண்டு நாள் வகுப்பு. பயிற்றுநர் என்னைவிட மூத்த ஒரு பெண்மணி. நிலத்தில் கூம்புகளை வைத்து அவற்றுக்கிடையே வளைந்து போகச் சொன்னா. ஐந்து கூம்பில் மூன்றை நான் படுக்க வைத்தேன். சும்மா இருந்து பழகின இடது கைக்கு 44 வயதில் கிளச் பிடிக்கப் பழக்கவேண்டியிருந்தது. கண்ணும் பிழை. ஊரில் குழி பார்த்து ஓடின பழக்கத்தில் முன் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டி போகும். கூம்பைப் பார்த்தால் கூம்பில்தான் ஏறும்.

வாங்கியது ஹொண்டா வீ.ரீ.ஆர். 250. நல்ல வண்டி, குறை சொல்லமாட்டேன். வேலைக்குப் போவதற்கும் கோயிலுக்கும் ஹோம்புஷில் சாமான் வாங்குவதற்கும் அதைவிட என்ன வேண்டும்? ஆனால் என் மனதில் இருந்தது வேறு. மெல்பேர்ணில் டண்டினோங்கில் தங்கச்சி வீட்டில் அம்மா இருக்கிறா. ஹியூம் நெடுஞ்சாலையால் போனால் ஏறத்தாழ 880 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400. அந்தத் தூரத்தைக்கூட வாலிப வயதில் ஒரேயடியாகத் தரைவழியால் போக எனக்குக் கிடைக்கவில்லை. ஏ-9 பாதை 2002 சித்திரையில் திறந்தபோது நான் சிட்னியில் இருந்து செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு 2006 ஆவணியில் திரும்பவும் மூடினார்கள். ஆகவே ஒருவரும் மறிக்காத ஒரு நீளப் பாதையில் ஒரு முறையாவது ஓடிப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. இதை மனைவிக்குக்கூட அப்போது நான் சொல்லவில்லை.

2014 மார்கழியில், வேகக் கட்டுப்பாடு இருந்த பீ தட்டுக் காலம் முடிந்ததும், அந்த 250இல் மெல்பேர்ண் போனேன். போனேன் என்று சொல்வதைவிட போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லலாம். 110இல் ஓடும்போது சின்ன எஞ்சின் தன் உச்சக் குரலில் கத்திக்கொண்டேயிருக்கும். காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். பெரிய லொறி ஒன்று கடந்து போனால் வண்டி அரையடி பக்கத்துக்குப் போகும். தாங்கி சின்னது, பெற்றோல் நிலையத்தைத் தேடிக்கொண்டே ஓடவேண்டும். இரண்டாம் நாள் டண்டினோங்கில் இறங்கியபோது விரல்கள் விறைத்துத் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. அம்மாதான் பிடித்துக் குடிக்கத் தந்தா.

இங்கேதான் பெரிய மோட்டார் சைக்கிளின் கதை வருகிறது. பெரிய எஞ்சின் என்றதும் எல்லோரும் வேகத்தைத்தான் நினைக்கிறார்கள். பெடியள் வாங்குவதும் அதற்குத்தான். ஆனால் 250க்கும் 1300க்கும் இந்த றோட்டில் சட்டம் ஒன்றுதான், 110. வித்தியாசம் என்னவென்றால், 110 என்பது சின்ன எஞ்சினுக்கு ஓட்டம், பெரிய எஞ்சினுக்கு நடை. ஓடிக்கொண்டே நாள் முழுக்கப் போகமுடியாது, நடந்து போகலாம்.

2016 தொடக்கத்தில் நான் வாங்கியது யமஹா எஃப்.ஜே.ஆர். 1300, பாவித்த வண்டி, 2008ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 1298 சீசீ, எம்டி 90ஐப்போல 14 மடங்குக்கு மேல். 110இல் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 4000க்கும் குறைவாகத்தான் சுற்றும். முன் கண்ணாடியை ஒரு சுவிச்சால் உயர்த்தினால் காற்று தலைக்கு மேலால் போய்விடும். 25 லீற்றர் தாங்கி, நிதானமாக ஓடினால் 400 கிலோமீற்றரை நெருங்கும். சங்கிலி கிடையாது, காரைப்போலத் தண்டுதான் பின் சில்லைச் சுற்றுகிறது. அதனால் 600 கிலோமீற்றருக்கு ஒருமுறை குந்தியிருந்து சங்கிலிக்கு எண்ணெய் போடும் வேலையும் இல்லை. பெட்டிகள் இரண்டு பக்கமும். ஒன்றில் என் உடுப்பு, மற்றதில் மனைவி கட்டித் தருகிற பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும். மிளகாய்த்தூள் மெல்பேர்ணில் கிடைக்காதா என்று கேட்காதீர்கள், நான் கேட்டு வாங்கிக் கட்டினேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நேரே போய் இப்படியானதை வாங்கி ஓட முடியாது. பழகுநர்களுக்கும் பீ தட்டுக்காரருக்கும் அனுமதித்த வண்டிகளின் பட்டியல் இருக்கிறது. 660 சீசீக்கு மேற்படக்கூடாது, வலுவும் எடையும் சேர்ந்த கணக்கில் ஒரு தொன்னுக்கு 150 கிலோவாற்றைத் தாண்டக்கூடாது. விக்ரோறியாவில் 2008இல் இந்த முறை வந்தது. அதற்கு முன் எஞ்சினின் சீசீ அளவு என்ற ஒரே கணக்குத்தான். எவ்வளவு காலம் பொறுக்கவேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், இடைக்கிடை மாற்றுகிறார்கள், வாங்க முன் விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் காத்திருப்பில் ஒரு கோபமும் இல்லை. இந்த வண்டியின் வலது கைப்பிடியை முழுதாகத் திருகினால் லைசென்ஸ் பறிபோகிற வேகத்துக்கு சில விநாடிகளில் போய்விடும். அந்தக் கைக்கு முதலில் புத்தி வரவேண்டும்.

ஆனால் வேகத்தைவிட எனக்குப் பயம் தந்தது எடை. பெற்றோல் நிரப்பினால் ஏறத்தாழ 290 கிலோ. ஓடத் தொடங்கினால் அந்த எடை தெரியாது. நடக்கிற வேகத்தில், திரும்புகிற இடத்தில், நிற்கிற கணத்தில் தெரியும். கொஞ்சம் சாய்ந்துவிட்டால் மனித பலத்தால் பிடிக்க முடியாது. ஆகவே மூன்று மாதம், ஞாயிறு காலைகளில், சனமில்லாத ஒரு கார்த் தரிப்பிடத்தில் நான் பழகியதெல்லாம் மெதுவாக ஓடுவதைத்தான். கிளச்சைப் பாதி விட்டுப் பிடித்தபடி, பின் பிரேக்கை மெல்ல மிதித்தபடி, தலையை முழுதாகத் திருப்பி, போகவேண்டிய இடத்தைப் பார்த்து வட்டம் போடுவது. முன் பிரேக்கைத் தொடக்கூடாது. இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. வேகமாகப் போகும்போது வலப்பக்கம் வளைய வேண்டுமென்றால் வலக் கைப்பிடியை முன்னுக்குத் தள்ளவேண்டும். சொன்னால் தலைகீழாகத் தெரியும். சின்ன வண்டியிலும் இதைத்தான் உடம்பு தெரியாமல் செய்துகொண்டிருக்கும், பெரியதில் தெரிந்து செய்யவேண்டும்.

நெடுஞ்சாலைப் பயணம் தொடங்கியது பெரிய வெள்ளிக்கு முதல் நாள், 2016 மார்ச் 24. விடிந்த பிறகுதான் வெளிக்கிட்டேன். விடியற்காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும்தான் கங்காரு றோட்டுக்கு வரும். மனைவியின் நிபந்தனையும் கங்காருவின் பழக்கமும் ஒத்துப்போனது என் அதிர்ஷ்டம்.

கோல்பேர்னில் பெற்றோலுக்காக ஊருக்குள் இறங்கினேன். திரும்பி வரும் வழியில் பொலிசார் வாகனங்களை மறித்துக்கொண்டிருந்தார்கள். விடுமுறைக் காலம், இரட்டைப் புள்ளித் தண்டனைக் காலம், வழக்கமான மதுச் சோதனை. காரில் எத்தனையோ முறை ஊதியிருக்கிறேன், ஒன்றும் நடந்ததில்லை. ஆனால் அன்று அந்தக் கை உயர்ந்ததும் என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்தினேன். இறங்கினேன். ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளத் தொடங்கினேன்.

ஊரில் சோதனைச் சாவடி கண்டவர்களுக்கு இது விளங்கும். ஏறியிருந்தபடி யாரும் போவதில்லை. இறங்கி, உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையை வெளியில் எடுத்துப் பிடித்தபடி போகவேண்டும். 20 வருடத்துக்குப் பிறகும் என் கால்கள் அதை மறக்கவில்லை. அந்த இளம் பொலிஸ்காரர் ஓடி வந்தார். "வண்டியில் ஏதும் கோளாறா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் ஏன் தள்ளுகிறீர்கள்? ஏறி உட்காருங்கள்" என்றார். ஏறி உட்கார்ந்தேன். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னார். எண்ணினேன். நியூ சவுத் வேல்ஸ் நெடுஞ்சாலைப் பொலிசாரும் இதே வகை மோட்டார் சைக்கிளை ஓடியிருக்கிறார்கள். அவருக்கு அதில் விருப்பம்போல, எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போகச் சொன்னார். அடுத்த ஓய்விடம்வரை ஹெல்மெற்றுக்குள் எனக்கு ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. அங்கே நிறுத்தி முகத்தைக் கழுவினேன்.

அடுத்தது ரார்க்கட்டா. சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் கிட்டத்தட்டப் பாதித் தூரம். லொறிக்காரர் தங்குகிற சின்ன ஊர். 2011இலிருந்து நெடுஞ்சாலை ஊரைச் சுற்றிப் போகிறது, நாங்களாகத் திரும்பி உள்ளே போகவேண்டும். பெற்றோலை வாய்வரை நிரப்பினேன். இங்கேதான் என் பிழை. 25 லீற்றர் பெற்றோல் என்பது எடை, அதுவும் மேலே இருக்கிற எடை. பம்பிலிருந்து மெதுவாகத் திரும்பும்போது ஒரு கார் குறுக்கே வந்தது. ஹாண்டில் திரும்பியிருக்கிற நிலையில் முன் பிரேக்கைப் பிடித்தேன். அவ்வளவுதான். யானை படுப்பதுபோல வண்டி வலப்பக்கம் படுத்தது. கார்த் தரிப்பிடத்தில் மூன்று மாதம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட பாடம், ஒரு கணத்தில் போய்விட்டது.

எனக்கு ஒன்றுமில்லை, விலகிவிட்டேன். வண்டிக்கும் பெரிய சேதமில்லை. ஹாண்டிலில் பூட்டியிருந்த போன் மட்டும் நிலத்தில் அடிபட்டு நொறுங்கிவிட்டது. ஒரு லொறிக்காரர் வந்தார், தாடியோடு, என்னைப்போல இரண்டு மடங்கு. முதுகை வண்டிக்குக் கொடுத்துக் குந்தி, கையால் இழுக்காமல் கால்களால் உந்தி நிமிர்த்தவேண்டும் என்று காட்டித் தந்தார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக நிமிர்த்தினோம்.

நெருக்கடி அதற்குப் பிறகுதான். கண்ணாடி சரிபார்த்து, பிரேக் கை வளைந்ததை நேராக்கி, பதற்றம் தணிந்து மணியைப் பார்த்தால், நான் மனைவிக்குப் போன் எடுக்கவேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. போன் இல்லை. எந்த நம்பரும் மனதில் இல்லை, எல்லாம் அந்த உடைந்த போனுக்குள். வீட்டு நம்பர் மட்டும், 1999இலிருந்து மாறாத நம்பர், நினைவில் இருந்தது. லொறிக்காரரின் போனை வாங்கி எடுத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தா. ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு அவ கேட்டா:

"இருக்கிறியளோ?"

"இருக்கிறன்" என்றேன்.

வேறொரு கேள்வியும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்கை நிக்கிறியள்?" "ரார்க்கட்டா." "அதை எப்பிடி எழுதிறது?" எழுத்துக் கூட்டிச் சொன்னேன். கலண்டரில் பேனை கீறுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்குத் திரும்பிய பிறகு அந்தத் தாளைப் பார்த்தேன். மத்தியானம் 12.10 என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. அதற்குக் கீழே 1.50, ரார்க்கட்டா. இடையில் இருந்த ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் அவ எங்கே நின்றிருப்பா என்று எனக்குத் தெரியும். மாமி நின்ற இடத்தில்.

அந்த ஊரில் வேலையின்போது உயிரிழந்த லொறி ஓட்டுநர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. வரிசை வரிசையாகப் பெயர்கள். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அன்று மெல்பேர்ணுக்குப் போனால் இருட்டிவிடும். ஆகவே ஆல்பரியில் ஒரு மோட்டலில் தங்கிவிட்டேன். இப்போது ஜக்கெற்றின் உள்பையில் ஒரு கடதாசியில் நாலு நம்பரும் என் இரத்த வகையும் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் கார் ஓடுகிறவர்களாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

இதையெல்லாம் கேட்டு யாராவது வாங்கப் போகிறீர்கள் என்றால் மறைக்காமல் ஒன்று சொல்லவேண்டும். இந்த நாட்டில் பதிவான வாகனங்களில் மோட்டார் சைக்கிள் நூற்றுக்கு நாலைந்துதான். வீதியில் இறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் இருந்தவர். என்னைப்போல இளமையில் ஓடி, இடையில் விட்டு, நடுவயதில் திரும்பி ஏறுகிறவர்கள் தங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பது பெரிய ஆபத்து. பாவித்த வண்டி பார்க்கிறீர்களென்றால் ஏ.பி.எஸ். பிரேக் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய வண்டிகளில் 125 சீசீக்கு மேற்பட்டவற்றுக்கு அது 2019இலிருந்து படிப்படியாகக் கட்டாயமாகிவிட்டது, பழையவற்றில் இராமலும் போகலாம். உடுப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். 2018இலிருந்து மோட்டோகாப் என்ற பெயரில் அரசு அமைப்புகள் சேர்ந்து ஜக்கெற், காற்சட்டை, கையுறைகளைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கின்றன, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். விலை கூடியதெல்லாம் நல்லதில்லை என்பது அதில் தெரியும். காதுக்கு அடைப்பான் போடுங்கள், காற்றின் இரைச்சல் கேள்வியைத் தின்றுவிடும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்குங்கள். விடுமுறைக் காலங்களில் நெடுஞ்சாலை ஓரத்தில் தொண்டர்கள் இலவசமாகத் தேநீரும் பிஸ்கற்றும் தருவார்கள். தேநீர் எங்கள் வாய்க்குக் காணாது, ஆனால் அவர்களோடு கதைக்கலாம்.

மெல்பேர்ணுக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பெரிய வெள்ளி மத்தியானம் டண்டினோங்கில் தங்கச்சி வீட்டு வாசலில் இறங்கினேன். விரல் விறைக்கவில்லை, முதுகு நோகவில்லை, தேநீர்க் கோப்பையை நானே பிடித்தேன். அம்மாவுக்கு அப்போது 79 வயது. வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தா. "இதுக்கு என்ன எண்ணெய்?" என்று கேட்டா. பெற்றோல் என்றேன். "முழுக்கவுமோ?" என்றா.

அன்றைக்கு இன்னொரு பிழையும் விட்டேன். தங்கச்சி வீட்டின் கார்ப்பாதை றோட்டிலிருந்து கராச்சை நோக்கிப் பள்ளமாக இறங்கும். அதில் நேரே இறக்கி, மூக்கைக் கராச் கதவுக்குக் கொடுத்து நிறுத்திவிட்டேன். ஞாயிறு காலை வெளிக்கிடப் பார்த்தால் வண்டியைப் பின்னுக்கு எடுக்க முடியவில்லை. ஹொண்டா கோல்ட் விங் போன்ற சிலவற்றுக்குப் பின்னுக்குப் போகிற வசதி உண்டு, இதற்கு இல்லை. நான் ஹாண்டிலைப் பிடிக்க, மச்சானும் மருமகனும் பின்னால் நின்று இழுக்க, ஓரடி, நிற்பது, இன்னும் ஓரடி என்று மேட்டுக்கு ஏற்றினோம். அம்மா வாசலில் கதிரையைப் போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருந்தா.

"தம்பி, இது எவ்வளவு பாரம் வரும்?"

"முந்நூறு கிலோ மட்டில வரும் அம்மா."

"அப்ப என்னை இருத்தித் தள்ளேலாது."

"ஏலாது அம்மா."

"பிறகேன் இதை வாங்கினனீ?"

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் மெல்பேர்ணில் பிறந்தவன், பாட்டி பகிடி விடுகிறா என்று நினைத்தான். மச்சான் சிரிக்கவில்லை. தங்கச்சி உள்ளே போய்விட்டா. நான் ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் போய் வருகிறேன் என்று சொல்லி, வங்கரட்டாவில் நின்று வீட்டுக்குப் போன் எடுத்தேன். மணி 11.20 என்று மனைவி குறித்துக்கொண்டா.